வங்காள பீரோவின் சாவி

ஜூலை 7, திங்கள்

காற்று. காலை ஐந்து மணியிலிருந்தே தெருப் புழுதி முழுக்க வீட்டுக்குள். தறிக்கு நூல் தார் சுற்றும் மெஷினைத் துடைத்து நிமிர்வதற்குள் மறுபடியும் மண். ஆடி பிறக்க இன்னும் பத்து நாள் இருக்கிறது. அதற்குள் இந்தக் கூத்து.

நூல் கடையில் கொடுத்த டைரி இது. ஆறு மாதமாகச் சும்மா கிடந்தது. இன்றைய ஆத்திரத்தை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் எடுத்திருக்கிறேன்.

வேலை: கிளிப்பச்சையில் நாற்பது தார், அரக்கில் இருபது. வாசகசாலை பெருக்கியாயிற்று.

அங்கேதான் விஷயமே. எங்கள் தெரு நெசவாளர் சங்க வாசகசாலையின் பலகையில் புது நோட்டீஸ். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குப் பயிற்சி அறை வரப்போகிறதாம். மூன்று வருடமாக யாரும் எடுக்காத புத்தகங்களை எடைக்குப் போடுவார்களாம். 20-ஆம் தேதி ஞாயிறு கூட்டத்தில் முடிவு. கீழே பட்டியல். அதில் வங்காள பீரோ (இனி வ.பீ.) முழுவதும் இருக்கிறது. எழுபத்து நான்கு புத்தகத்தில் ஒன்றுகூடத் தப்பவில்லை.

எல்லாம் வங்காள நாவல்கள், தமிழில் வந்தவை. எந்தக் காலத்துச் செயலாளரோ ஆசைப்பட்டு வாங்கிப் போட்டது. பாதிக்கு அட்டை கிடையாது. பேர் இருக்கிற முதல் பக்கமும் கிடையாது.

சங்கத் தலைவர் பரமசிவம் அண்ணாச்சி அங்கேயே நின்றுகொண்டிருந்தார். கேட்டேன்.

“என்ன அண்ணாச்சி, வங்காள பீரோ மொத்தத்தையும் எழுதிப் போட்டிருக்கிய?”

“நோட்டப் பாத்துத்தான் எழுதினேன் தாயி. இருபது வருசத்துல ஒரு பேரு கிடையாது. அத எவன் படிக்கான்?”

எவனும் படிக்கவில்லை, உண்மைதான். எவள் என்று கேட்டிருந்தால் நாற்பது பேர் சொல்லியிருப்பேன். வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். அதுதான் இப்போது உறுத்துகிறது.

ஜூலை 8, செவ்வாய்

மாதாந்திரப் பராமரிப்பு, கரண்ட் இல்லை. தறிச் சத்தம் இல்லாத தெருவில் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில்கூடப் பெரிதாகக் கேட்கிறது.

இந்தத் தப்பு யாருடையது என்று யோசித்தேன். என்னுடையது. எழுதி வைக்கிறேன்.

கல்யாணமாகி வந்த வருடம் வாசகசாலைக்குள் போய், நோட்டில் ‘செண்பகம்’ என்று கையெழுத்துப் போட்டு ஒரு புத்தகம் எடுத்தேன். மறுநாள் மாமனார் அங்கே பேப்பர் படிக்கப் போனவர் நோட்டைப் பார்த்துவிட்டார். “எங்க வீட்டுப் பொம்பள பேரு ஆம்பிளைக நோட்டுல கெடக்கு” என்று தெருவைக் கூட்டிவிட்டார். புத்தகம் முற்றத்துக்குப் பறந்தது. அன்றைக்கு நான் எல்லாப் பெண்களிடமும் சொன்னது: படியுங்கள், பேர் மட்டும் எழுதாதீர்கள்.

அப்போது காவலாளியாக இருந்தவர் மாடசாமி அண்ணாச்சி. நல்ல மனிதர். நூல் கண்டு வாங்குகிற பையில் புத்தகத்தை வைத்துப் பக்கத்து ஜன்னல் வழியாகக் கொடுப்பார். அவர் போன பிறகு பெருக்குகிற வேலையும் சாவியும் என்னிடம் வந்தன. கொண்டு கொடுப்பது என் வேலை. எழுதுகிற வேலை யாருக்கும் இல்லை. மாமனார் போய்ச் சேர்ந்து இருபத்தைந்து வருடம், அவர் மகனும் போய் பத்து வருடம் ஆகிறது. ஆனாலும் நோட்டில் பேர் எழுதுகிற பழக்கம் எங்களுக்கு வரவே இல்லை. எழுதாமல் இருந்தே பழகிவிட்டோம்.

சாயங்காலம் கோமதியைப் பார்க்கப் போனேன். தலைவரின் மனைவி. என்னைவிட ஐந்து வயது சின்னவள். வ.பீ.யின் முதல் தர வாசகி. வீட்டுக்காரருக்கு இன்றுவரை தெரியாது.

“மதினி, மெள்ளப் பேசுங்க. அவுக மாடியிலதான் இருக்காக.”

“உன் வீட்டுக்காரர் பீரோவைக் காலி பண்ணுதாரு. நீ மெள்ளப் பேசச் சொல்லுத.”

“நேத்தே சொன்னாக. எனக்குச் சோறு எறங்கல.”

அரிசி டிரம்முக்குள் கையை விட்டுப் பழந்துணிச் சுற்று ஒன்றை எடுத்தாள். உள்ளே படகுத்துறைக் கதை. அட்டையில் படகுப் படம் மட்டும் மிச்சம், பேர் இருந்த பாதி கிழிந்துபோனது. உண்மையான பேர் யாருக்கும் தெரியாது, நாங்கள் வைத்த பேர் இது. மூன்றாம் தடவையாகப் படிக்கிறாள். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அவளுடைய நூல், மயில்கழுத்து நிறம்.

எங்கள் பழக்கம் இது. ஒவ்வொருத்திக்கும் ஒரு நூல் நிறம். நிறுத்திய பக்கத்தில் அதை வைப்போம். படித்து முடித்தால் புத்தக முதுகின் தையலில் முடிந்துவிடுவோம். யார் முடித்தாள் என்று தெரிந்தால்தானே அவளிடம் போய்ப் பேச முடியும். கதை நெஞ்சை அறுத்துவிட்டால் இரண்டு முடிச்சு. என் நிறம் அரக்கு.

“கூட்டத்துல வந்து சொல்லுவியா?” என்று கேட்டேன்.

“என்னன்னு? முப்பது வருசமா ஒங்களுக்குத் தெரியாமப் படிச்சேன்னா?”

“ஆமா.”

“போங்க மதினி. கோயிலுக்குப் போறேன், நூலு வாங்கப் போறேன்னு எத்தன பொய் சொல்லியிருக்கேன். அத்தனையும் சேந்துல்லா வெளிய வரும்.”

மாடியில் செருப்புச் சத்தம். புத்தகம் அரிசிக்குள் போயிற்று.

ஜூலை 10, வியாழன்

தலைவலி. தைலம் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும். தக்காளி வாங்க வேண்டாம், இருக்கிறது.

கூட்டம் நடக்கும் முன்பே டைல்ஸ் வந்து இறங்கிவிட்டது. முடிவு யாருக்கு வேண்டும்? கூட்டம் சும்மா சம்பிரதாயத்துக்குத்தான் போல.

டைல்ஸ் போட வந்தவர் வங்காளத்துக்காரர். ரஃபிகுல். நாற்பது வயது இருக்கும். மூன்று வருடமாக இந்தப் பக்கம்தான் வேலை, பக்கத்து ஊர் திருவேங்கடத்தில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். நான் பெருக்கப் போனபோது வ.பீ.யை நகர்த்தப் பார்த்துக்கொண்டிருந்தார். நகரவில்லை. நல்ல தேக்கு.

“எந்த ஊரு தம்பி?”

“முர்ஷிதாபாத் அக்கா. தூரம்.”

நாற்பது வருடமாகப் படிக்கிற ஊரிலிருந்து ஒரு மனுஷர் கையில் கொத்தனார் கரண்டியோடு எதிரே நிற்கிறார். என்ன கேட்பது? வாயில் வந்தது இது: “உங்க ஊருல மார்கழி தை மாசம் ஈச்ச மரத்துல பானை கட்டி கருப்பட்டி காய்ச்சுவாகளே, இன்னும் காய்ச்சுதாகளா?”

கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். “அக்கா வங்காளம் போயிருக்கா?”

“மதுரைக்கு மேல வடக்க போனதில்ல.”

“பின்ன எப்படித் தெரியும்?”

பீரோவைத் திறந்து காட்டினேன். எழுத்து அவருக்குப் புரியாது. ஒரு அட்டையில் ஆற்றங்கரைப் படம் இருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். படகுத்துறைக் கதையை எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். தெரியுமா என்றேன்.

“கதை படிக்கல அக்கா. நான் ஸ்கூல் கம்மி. ஆறு தெரியும்.” சிமெண்ட் மேல் கரண்டியால் ஒரு கோடு இழுத்தார். “இங்க வீடு. இங்க ஆறு. மழை வருஷம் ஆறு வந்து வந்து வீடு சாப்பிட்டாச்சு. அப்பா வீடு, பெரியப்பா வீடு, மசூதி. எல்லாம் தண்ணி. அதான் இங்க வந்தாச்சு.”

கதையிலும் ஆறு கரையைத் தின்கிற இடம் உண்டு, அதற்காகத்தான் நான் இரண்டு முடிச்சுப் போட்டேன். அதை அவரிடம் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது?

வீட்டுக்கு ஓடி ஒரு துண்டு கருப்பட்டி எடுத்து வந்து கொடுத்தேன். வாயில் போட்டுப் பார்த்து, “நல்லா இருக்கு, ஆனா எங்கது வேற” என்றார். எனக்குச் சந்தோஷம். ஏன் சந்தோஷம் என்று தெரியவில்லை.

ஜூலை 12, சனி

டீக்கடைப் பக்கம் கேட்டது. பேசியவர் சங்கப் பொருளாளர்: “அவனுக ஊர்க்காரனே வேல தேடி இங்க வாரான். அவனுக கதையப் படிச்சு நம்ம என்னத்தக் கண்டோம்? பூராம் அழுகாச்சிக் கதை வே.”

என்னத்தக் கண்டோமா? எழுதிக்கொள்கிறேன், மறந்துவிடக் கூடாது.

மழை பெய்தால் பயப்படுகிற ஊரும் உண்டு என்பதைக் கண்டோம். கரிசல் வெடிக்கிற சீமையில், குருவிகுளத்துக் கண்மாய் நிறைந்தாலே ஊர் கூடிப் பார்க்கப் போகிற எங்களுக்கு அது லேசான விஷயமா?

மீன் முள் எடுத்து மாமியாருக்கு ஊட்டுகிற மருமகளைக் கண்டோம். அவளுக்கு மீன் தின்ன அனுமதி இல்லை, புருஷன் செத்துப்போனான் என்பதால். அதைப் படித்த வாரம்தான் மேலத்தெரு முத்துலட்சுமி, புருஷன் போன மூன்றாம் மாதம், நெற்றியில் பொட்டோடு தறிக்கு வந்தாள். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளுடைய மாம்பழ மஞ்சள் நூல் அந்தப் புத்தகத்தில் இரண்டு முடிச்சோடு இருக்கிறது.

அக்காவை ‘தீதி’ என்பார்கள் அங்கே, அப்படியே ஒருத்தியை ஒருத்தி கிண்டலாகக் கூப்பிடக் கண்டோம். ஆம்பிளைகள் அது ஏதோ சீரியல் பேர் என்று நினைத்தார்கள்.

கடன் வாங்காமல், டிக்கெட் எடுக்காமல், யாரிடமும் கேட்காமல் ஒரு தேசம் போய்வரக் கண்டோம்.

எல்லாம் நல்ல புத்தகம் என்று பொய் சொல்ல மாட்டேன். நிலாவை ஐந்து பக்கம் வர்ணிக்கிற ஒன்று இருக்கிறது, நான் தாண்டித் தாண்டித்தான் படித்தேன். கதாநாயகனுக்கு ஒரு வேலையும் கிடையாது, இருமுவான், கடிதம் எழுதுவான், ரயில் ஏறுவான். கோமதிகூடச் சொன்னாள்: “இவனக் கொண்டுவந்து ஒரு மாசம் தறிக்குப் பாவு ஓட்ட விட்டா எல்லாம் சரியாப் போவும்.” மொழிபெயர்த்தவர்களும் சில இடத்தில் தூங்கிக்கொண்டே எழுதியிருக்கிறார்கள். அதனால் என்ன? நம் வீட்டுச் சமையல் எல்லா நாளும் நன்றாகவா இருக்கிறது?

பொருளாளர் ஒரு புத்தகமாவது திறந்து பார்த்திருக்கிறாரா என்று கேட்கத் தோன்றியது. இந்தத் தடவை வாயை மூடவில்லை. கேட்டேன். இந்தத் தெருவில் நாற்பது பெண்கள் படித்திருக்கிறோம் என்றும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

பரமசிவம் அண்ணாச்சி வீட்டுக்கே வந்துவிட்டார். நாற்காலி போட்டேன். உட்காரவில்லை.

“செண்பகம், பீரோ சாவியக் குடு. நாளைக்கு எடைக்காரன் வந்து பாத்துட்டுப் போவான்.”

“ஞாயித்துக்கிழமதான முடிவுன்னு போட்டிருக்கிய.”

“முடிவு தெரிஞ்சதுதான?”

“எனக்குத் தெரியல அண்ணாச்சி.”

“நீ பெருக்க வாரவ. சங்கத்துச் சாவி அது.”

சுருக்கென்றது. இடுப்பில் சாவியைப் பிடித்துக்கொண்டேன். “பெருக்க வாரவதான். அதனாலதான் அந்த பீரோவுல செல்லு அரிக்காம இருக்கு. பொதுக்கூட்டத்துல எல்லாரும் கேட்டா குடுக்கேன். இங்கன வந்து கேட்டா குடுக்க மாட்டேன்.”

அவர் முகம் சிவந்துவிட்டது. ஆனால் கெட்ட மனுஷர் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். அந்தப் பரீட்சைப் பிள்ளைகளுக்காக அலைகிறவர் அவர்தான். பிள்ளைகளுக்கு அறை வேண்டாம் என்று நான் சொல்லவும் இல்லை. வ.பீ. அடைக்கிற சுவர் நான்கு அடி.

“நாப்பது பேர் படிச்சோம்னு ஊருக்குள்ள சொல்லிக்கிட்டுத் திரியுதியாமே. சரி. இருபது பேரு கூட்டத்துக்கு வந்து, நான் இன்ன புத்தகம் படிச்சேன்னு நோட்டுல கையெழுத்துப் போடட்டும். ஒரு செவுத்த விட்டுத்தாரேன். சொல்லு மாற மாட்டேன்.”

“பொம்பளைக போடலாமா?”

“யாரு வேண்டாம்னா?”

அவர் போன பிறகும் நின்றுகொண்டே இருந்தேன். யாரு வேண்டாம்னா. எவ்வளவு சுலபமாகக் கேட்டுவிட்டார்.

ஜூலை 16, புதன்

வீடு வீடாகப் போனேன். கால் வலி.

முத்துலட்சுமி: வருகிறேன் என்றாள், உடனே.

ராமலெட்சுமி: “மருமக சிரிப்பா மதினி.”

கீழத்தெரு இருளாயி: கண் தெரியவில்லை, கையெழுத்து வராது, கைநாட்டுப் போடலாமா?

சுப்பம்மா: மகனைக் கேட்க வேண்டும். அறுபத்தாறு வயது அவளுக்கு. கோபத்தில் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

இப்படியே. உறுதியாக வருகிறவர்கள் பதினொன்று. வரலாம் என்பவர்கள் எட்டு. கூட்டினால் பத்தொன்பது.

கோமதியிடம் மறுபடியும் போனேன். வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டாள். “என்ன விட்டுருங்க மதினி.”

“கோமதி அம்மன் பேர வச்சிருக்க. ஆடித் தபசுக்கு அவ ஒத்தக் கால்ல தவம் நின்னா. நீ ரெண்டு காலையும் ஊனி நில்லேன்.”

“அவளுக்கு மாமியா கெடையாது” என்றாள். சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். பிறகு அழுதாள். கட்டாயப்படுத்தவில்லை. பேர் எழுதாதே என்று சொன்ன வாய், இப்போது எழுது என்று எந்த முகத்தோடு அதட்டும்?

ஜூலை 18, வெள்ளி

ஆடி வெள்ளி. கூழ் வாங்கப் போகவில்லை. காலையிலிருந்து வாசகசாலைக்குள்தான்.

எழுபத்து மூன்றையும் இறக்கித் துடைத்தேன். முதுகுத் தையல் ஒவ்வொன்றையும் பார்த்தேன். மஞ்சள், அரக்கு, கிளிப்பச்சை, ஊதா, வெங்காய நிறம். சிலதில் பதினைந்து முடிச்சு. படகுத்துறைக் கதையில் இருபத்திரண்டு இருக்கும், கடைசியாக நான் எண்ணியபோது. அது இப்போது கோமதியின் அரிசிக்குள்.

செத்துப்போனவர்களும் இருக்கிறார்கள். ஊதா பேச்சியம்மாள். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போகிற அன்றைக்கு என்னிடம் புத்தகத்தைக் கொடுத்து, “கடைசி அத்தியாயம் பாக்கி, யாருக்கும் குடுத்துராதிய” என்றாள். திரும்பி வரவில்லை. அவளுடைய நூல் இருநூற்று நான்காம் பக்கத்தில் அப்படியே இருந்தது. இத்தனை வருடத்தில் அதைப் படித்த ஒருத்தியும் அந்த நூலை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. இன்றைக்கு அதைப் பார்த்து வாய்விட்டு அழுதேன். ரஃபிகுல் வாசலில் டைல்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார். மெஷினை நிறுத்திவிட்டு, “அக்கா, டீ?” என்றார்.

எடைக்குப் போடுவார்களாம். போடட்டும் பார்ப்போம்.

ஜூலை 20, ஞாயிறு

காற்று கொஞ்சம் அடங்கியிருக்கிறது. கூட்டம் பத்து மணிக்கு. நடந்ததை மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும்.

பெண்கள் பதினேழு பேர் வந்தோம். வாசகசாலைக்குள் இத்தனை சேலை இதற்கு முன் நுழைந்ததில்லை. சுப்பம்மா வந்தாள், மகனோடு சண்டை போட்டுவிட்டு. இருளாயியை முத்துலட்சுமி கைப்பிடித்துக் கூட்டிவந்தாள். ராமலெட்சுமி வரவில்லை. அவள் மருமகள் வந்தாள். அவளும் படிக்கிறாளாம், மாமியாருக்குத் தெரியாமல்.

நான் பேசினேன். நூல் முடிச்சுகளைக் காட்டினேன். பொருளாளர் எழுந்தார்: “நூலு கெடந்தா படிச்சதா அர்த்தமா? நெசவுக்காரன் வீட்டுல எங்கதான் நூலு கெடக்காது?”

இருளாயி உட்கார்ந்த இடத்திலிருந்தே, “எந்தப் புத்தகத்துல வேணும்னாலும் கேளுலே, சொல்லுதேன்” என்றாள். கேட்க அவருக்கு எதுவும் தெரியாது. ஆண்கள் பக்கம் சிரிப்பு.

நோட்டு வந்தது. ஒவ்வொருத்தியாகக் கையெழுத்து. முதல் பேர் நான்தான் போட்டேன். நாற்பது வருடத்துக்குப் பிறகு அதே வாசகசாலையின் நோட்டில், செண்பகம். இருளாயி கைநாட்டு. தலைவர் எண்ணிக்கொண்டே வந்தார். பதினேழு.

“இருபதுன்னு சொன்னேன் தாயி.” அவர் குரலில் சந்தோஷம் இல்லை. ஆனால் விடுவதாகவும் இல்லை.

“செத்தவக மூணு பேரு இருக்காக” என்று ஊதா நூல் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினேன்.

“செத்தவக கையெழுத்துப் போட முடியாதுல்லா.”

அப்போதுதான் பிள்ளைகள் பக்கத்திலிருந்து, அந்தப் பரீட்சைக்குப் படிக்கிற பெண்கள் இரண்டு பேர் எழுந்து வந்தார்கள். ஒருத்தி இருளாயியின் பேத்தி. கண் தெரியாத ஆச்சிக்கு மூன்று வருடமாக இவள்தான் வாசித்துக் காட்டுகிறாளாம். மற்றவள் கூட உட்கார்ந்து கேட்டவள். எனக்கே தெரியாது! “நாங்களும் படிச்சிருக்கோம் தாத்தா. செவுத்துல நாலடி எங்களுக்கு வேண்டாம்” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

பத்தொன்பது.

தலைவர் பேனாவைச் சட்டைப்பையில் சொருகினார். பொருளாளர் நோட்டை மூடக் கை நீட்டினார். நான் சாவியை இடுப்பிலிருந்து எடுக்கவில்லை. எடுக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

வாசலில் கோமதி.

கொல்லைப்புறத்திலிருந்து வந்ததுபோல் சேலையில் ஈரம். கையில் படகுத்துறைக் கதை. அட்டையில் அரிசிமாவு ஒட்டிக்கொண்டிருந்தது. யாரையும் பார்க்கவில்லை. நேராக மேஜைக்குப் போய், வீட்டுக்காரர் முன்னால் நின்றாள்.

“பேனாவத் தாங்க.”

அவர் அவளைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார். அவர் முகம் என்னென்னவோ ஆயிற்று. “எத்தன நாளா?” என்று மட்டும் கேட்டார்.

“கல்யாணமான மறுவருசத்துலேந்து. பேனாவத் தாங்க.”

கொடுத்தார்.

நின்றுகொண்டே எழுதினாள். பேர் முழுசாக, இன்ஷியலோடு. புத்தகத்தின் பேர் என்ற இடத்தில் ‘படகுத்துறைக் கதை’. எடுத்த தேதி என்ற இடத்தில் இன்றைய தேதி. திருப்பிக் கொடுத்த தேதி என்ற இடத்தை விட்டுவிட்டாள்.

“கொண்டுவந்தத வச்சிட்டுப் போ” என்றார் பொருளாளர்.

“இன்னும் முப்பது பக்கம் இருக்கு” என்றாள்.

பேனாவை மூடி வீட்டுக்காரர் கையிலேயே கொடுத்துவிட்டு, புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனாள். பைக்குள் வைக்கவில்லை. முந்தானைக்குள் மறைக்கவும் இல்லை. எங்கள் தெருவின் முழு நீளத்துக்கும், படகுப் படம் வெளியே தெரிய, நடந்து போனாள்.